செங்கமடைப் பள்ளியின் வருகைப் பதிவேடு

செங்கமடை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் குப்பை முதன்முறையாக வருகைக்குப் பதில் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு. அன்று பதினோரு பிள்ளைகளும் வந்திருந்தார்கள், ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, ஒருவரும் காதுகுத்துக்குப் போகவில்லை. அப்படி எல்லோரும் வருகிற நாள் வருடத்தில் நாலைந்துதான் அமையும் என்பதால் எனக்கு அது மறக்கவில்லை.

அந்தப் பள்ளியில் தலைமை ஆசிரியரும் நான்தான், ஆசிரியரும் நான்தான், மணி அடிப்பவனும் நான்தான். ஊரில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் ஒன்று வந்து நாற்பத்து மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும். வேனுக்கு வழியில்லாத வீடுகளின் பதினோரு பிள்ளைகள் எனக்கு மிஞ்சுவார்கள். இதில் ஊரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, என் மகளும் அப்படியொரு வேனில் ஏறிப் போய்த்தான் படித்தாள். இருபது பேருக்குக் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடப் போகிறார்கள் என்று அந்த வருடம் பேச்சாக இருந்தது. பக்கத்துப் பள்ளி ஆலம்பொத்தையில் இருந்தது, ஆலம்பொத்தைக்கும் எங்களுக்கும் நடுவே நான்குவழிச் சாலை இருந்தது, அந்தச் சாலையில் போன வருடம் மட்டும் எட்டு ஆடுகளும் ஒரு பால்காரரும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. பதினோரு பிள்ளைகள் தினமும் இரண்டு முறை அதைக் கடக்க வேண்டியிருக்கும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அலுவலகத்திலிருந்து பெட்டி வந்திருந்தது. ‘குப்பையில்லாப் பள்ளி வாரம்’ என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே பதினோரு பிள்ளைகளுக்கும் பதினோரு பிளாஸ்டிக் பேட்ஜ்கள், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில், உறைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில், ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்’ என்று எழுதிய ஆளுயர ஃபிளெக்ஸ் ஒன்று, ஒரு கடிதம். ஒவ்வொரு பிள்ளையும் திங்கட்கிழமை வீட்டிலிருந்து ஒரு குப்பையைக் கொண்டுவர வேண்டும், அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்று கதை சொல்ல வேண்டும், பெயர்களைப் பதிவேட்டில் பராமரித்து அன்று மாலை நான்கு மணிக்குள் படம் அனுப்ப வேண்டும் என்று கடிதம் சொன்னது.

பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். பழைய டயருக்குக் குண்டு மாமா என்று பெயர். ஷாம்பு பாக்கெட்டுக்குக் குட்டிம்மா. கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு மகாராஜா. ஊராட்சித் தலைவர் பவுன்ராஜின் பிறந்தநாளுக்கு வைத்த ஃபிளெக்ஸில் பாதியைக் கிழித்துவந்த பையன் அதற்குத் தலைவர் என்றே பெயர் வைத்தான். முகிலன் வரும் வழியில் தின்ற வாழைப்பழத்தின் தோலுக்கு சந்திரா என்று பெயர் வைத்தான். இரண்டாம் வகுப்பு கனிஷ்கா, ஊரின் தூய்மைக் காவலராக இருந்த தன் அம்மா காளீஸ்வரியின் கிழிந்த ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து ரோஸி என்றாள்.

“சார், இதத் தூக்கிப் போட்டா எங்க போகும்?”

“கிடங்குக்குப் போகும்மா.”

“அங்கருந்து?”

“அங்கேயே இருக்கும்.”

“அப்ப போகலைல்ல சார்?”

பாடத்தில் அவ்வளவுதான் இருந்தது என்பதால் நான் படம் எடுக்கப் போனேன்.

எந்தப் பதிவேடு என்று கடிதம் சொல்லவில்லை. முப்பது வருடம் கடிதங்களுக்குக் கீழ்ப்படிந்தவனின் கை, பதிவேடு என்ற சொல்லைப் பார்த்ததும் தானாகவே ஒரு பதிவேட்டைத் தேடும். மேசையில் இருந்தது வருகைப் பதிவேடு. நாற்பது வரிகள் கொண்ட பக்கத்தில் பதினொன்று போக இருபத்தொன்பது வரிகள் வெறுமையாகக் கிடந்தன. பன்னிரண்டாம் வரியிலிருந்து நீல மையில் எழுதினேன். வருகைப் பதிவேட்டில் ஏறிய பெயரை மாற்றுச் சான்றிதழ் கொடுக்காமல் அடிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லையா, அல்லது அந்த வரிகள் நிரம்புவதைப் பார்க்கும் ஆசையில் வரவிடாமல் பிடித்துக்கொண்டேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

மறுநாள் பெயர் கூப்பிட்டேன். பதினோராவது பெயர் முடிந்தபோது கண் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. “குண்டு மாமா” என்றேன். சுவரோரம் சாய்ந்திருந்த டயர், தொண்டை கட்டியவர் குரலில், “உள்ளேன் ஐயா” என்றது. “குட்டிம்மா” என்றேன், கொசு பாடுவதுபோல் ஒரு “உள்ளேன் ஐயா.” தலைவர் மைக் வைத்ததுபோல் சொன்னார். பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டால் பதில் சொல்லத்தானே செய்வார்கள் என்பதுபோல் இருந்தார்கள். கனிஷ்கா மட்டும் பாயில் நகர்ந்து கையுறைக்கு இடம்விட்டபடி சொன்னாள்:

“சார், ரோஸி மெதுவாத்தான் பேசும். வெரசா அடுத்த பேருக்குப் போயிராதீங்க.”

நான் பொறுத்தேன். ரோஸி பதில் சொன்னாள். வருகை இருபத்திரண்டு என்று பலகையில் எழுதினேன்.

அதற்கு மேல் அவை ஒன்றும் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நடக்கவில்லை, பறக்கவில்லை, வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இருக்கிறேன் என்றன, அவ்வளவுதான்.

செய்தி மதியத்துக்குள் ஊரைச் சுற்றி வந்தது, ஊர் அதை ரேஷன் கடையில் பாமாயில் வந்த செய்தியைப்போல் எடுத்துக்கொண்டது: உண்மையா என்று யாரும் கேட்கவில்லை, நமக்கு உண்டா என்றுதான் கேட்டார்கள். சத்துணவுச் சமையலர் சீனியம்மாள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

“சார், இதுகளுக்கு முட்டை உண்டா இல்லையா? இப்பவே சொல்லிருங்க.”

“சாப்பிடாதே சீனியம்மா.”

“பேரு கூப்பிட்டா மட்டும் வாயத் தொறக்குதுல்ல?” என்று டயரை ஒரு பார்வை பார்த்தார். “சாப்பிடாத பிள்ளைய இருபத்தாறு வருசத்துல இப்பத்தான் பாக்கேன். நல்ல பிள்ளைக.”

பவுன்ராஜ் சாயங்காலம் பைக்கில் வந்தார். தன் பாதி முகம் முதல் வரிசையில் உட்கார்ந்து உள்ளேன் ஐயா சொல்வதை இரண்டு முறை கூப்பிடச் சொல்லிக் கேட்டார். பிறகு என் தோளில் கைபோட்டார்.

“சார், இப்ப எத்தன?”

“இருபத்திரெண்டு.”

“இத நூறாக்குனா நடுநிலைப்பள்ளி கேக்கலாம்ல? நூறென்ன சார் நூறு, நம்ம ஊர்ல குப்பைக்கா பஞ்சம்?”

மறுநாள் தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தார்போல. வேனில் பிள்ளையை ஏற்றிவிட்ட கையோடு தாய்மார்கள் என் வாசலில் வரிசையில் நின்றார்கள், இடுப்பில் உடைந்த வாளி, கையில் கிழிந்த டிராவல் பேக், தலையில் வேலை செய்யாத டிவி. தன் பிள்ளையை ஒருநாளும் என் பள்ளி வாசலுக்குக் கூட்டிவராத வீடுகள், குப்பையைச் சேர்க்கச் சிபாரிசோடு வந்தன. “சார், இது எங்க மாமியா மிக்சி, நல்லாப் பதில் சொல்லும், ஒரு சீட்டு போடுங்க.” கண்மாய்க்கரையில் கொட்டினால் காளீஸ்வரி விசில் ஊதிச் சத்தம் போடுவாள், தரம் பிரித்துக் கொடு என்பாள், இங்கே ஒரு பெயரும் கையெழுத்தும் போதும். நான் சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினேன். பிறந்த தேதி என்ற கட்டத்துக்கு என் முப்பது வருட அனுபவத்தில் முதன்முறையாக எந்தத் தகராறும் இல்லை, தயாரித்த தேதி எல்லாவற்றின் முதுகிலும் அச்சிட்டே இருந்தது. எத்தனை நாளைக்கு என்பதும் அருகிலேயே அச்சிட்டிருந்தது, ஆனால் அந்தத் தேதிக்கு அவற்றில் ஒன்றும் மரியாதை கொடுத்ததாகத் தெரியவில்லை.

சாதி என்ற கட்டம் வந்தபோது வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வீட்டுச் சாதியையே எழுதச் சொன்னார்கள். எழுதிய மறுநாள் கிழக்குத் தெருவிலிருந்து ஒருவர் வந்து, எங்கள் வீட்டு வாளியை எந்தத் தெருச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் தெரியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் வாளியை நகர்த்தி வைத்தேன். ஏன் நகர்த்தினேன் என்று பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், நான் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன்.

இதற்கிடையில் சந்திராவின் குரல் நான்காம் நாளே தளர்ந்திருந்தது. ஏழாம் நாள் கூப்பிட்டபோது ஒரு முனகல் மட்டும் வந்தது. பத்தாம் நாள் பதிலில்லை. வேப்பமரத்தடியில் முகிலன் அதை வைத்திருந்த இடத்தில் கறுப்பாகக் கொஞ்சம் மண் இருந்தது, மண்ணில் ஒரு மண்புழு இருந்தது. முகிலன் அழுதான். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“சந்திரா எங்க போச்சு சார்?”

“மண்ணாயிருச்சுப்பா.”

“ரோஸி எப்ப மண்ணாகும்?” என்றாள் கனிஷ்கா.

புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். “நூறு வருசத்துக்கு மேல ஆகும்னு போட்டிருக்கு.”

அவள் விரல்களை மடக்கினாள், பக்கத்துப் பையனின் விரல்களையும் கடன் வாங்கி மடக்கினாள், பிறகு விட்டுவிட்டாள். “அப்ப அது எத்தனாவது வரைக்கும் சார் படிக்கும்?”

அந்த வாரம் நான் நடத்திய பாடத்தில் பிள்ளைகளுக்கு விளங்கியது அது ஒன்றுதான், அதையும் நான் நடத்தவில்லை. சந்திராவுக்குத் தினமும் ‘வரவில்லை’ என்று போட்டுக்கொண்டு வந்தேன்.

புரட்டாசி முடியும்போது பதிவேட்டில் முந்நூற்று இருபத்து மூன்று பெயர்கள். வட்டாரக் கல்வி அலுவலர் தெய்வேந்திரன் பள்ளியை இணைக்கும் உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், தாளில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். பதிவேட்டைப் புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“கூப்பிடுங்க.”

கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. சந்திராவைத் தவிர ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. குப்பைகள் குவிந்திருந்த அந்த அறையை அவர் பார்க்கவே இல்லை, என் வாயையும் பதிவேட்டின் வரியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் உத்தரவை எடுத்து நான்காய் மடித்தார், பிறகு அதைப் போடுவதற்கு வேறு இடம் இல்லாததால் என் மேசையடியில் போட்டார்.

“சார்,” என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “சார், இதெல்லாம்...”

“பேரு இருக்கு. கூப்பிட்டா பதில் இருக்கு. என் சர்வீஸ்ல பதில் சொல்ற பள்ளிக்கூடத்தையே நான் பாத்ததில்ல,” என்றார். “இடைநிற்றல் இல்ல, தாமத வருகை இல்ல, பேன் தொல்லை இல்ல. ஒண்ணே ஒண்ணு. யார் இந்த சந்திரா? ஒன்றரை மாசமா வரலையே. வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா? பெற்றோர்கிட்டப் பேசினீங்களா? எப்படியாவது மறுபடி பள்ளிக்குக் கொண்டாந்துருங்க.”

வேப்பமரத்தடியைத் தாண்டித்தான் அவர் ஜீப்புக்குப் போனார். சந்திராவின் மேல் இரண்டு இலை விட்டு ஏதோ செடி முளைத்திருந்தது, அதை மிதித்துவிடாமல் விலகித்தான் போனார், அதைச் சொல்ல வேண்டும்.

பள்ளி பிழைத்தது. எனக்கு ஒன்றியத்தின் சிறந்த பள்ளி என்று கேடயம் கொடுத்தார்கள், அது பிளாஸ்டிக்கில் செய்தது, அதைச் சுற்றியிருந்த உறையும் பிளாஸ்டிக். இனிப் பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அறையில் இடம் இல்லாததால் பதினோரு பிள்ளைகளும் முதலில் வராந்தாவுக்கு வந்தார்கள். வராந்தாவுக்கு ஒரு பழைய பிரிட்ஜும் பதினாறு டயர்களும் சேர்க்கை வாங்கியபின் மரத்தடிக்கு வந்தார்கள். ஐப்பசி மழை பிடித்தபோது சத்துணவுக் கூடத்தின் அடுப்புப் புகைக்குள் நெருங்கி உட்கார்ந்தார்கள். உள்ளே குப்பை முந்நூற்றுச் சொச்சமும் நனையாமல் இருந்தன. நான் காலை முழுவதும் பெயர் கூப்பிட்டேன், அது முடியும்போது மதிய உணவு மணி அடித்தது. பாடம் எப்போது நடத்துவீர்கள் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன், மறுநாளும் பெயர்தான் கூப்பிட்டேன்.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து இரண்டாவது உத்தரவு வந்தது. பள்ளியில் மாணவர் நெரிசல் மிகுந்திருப்பதாலும், குறிப்பிட்ட பதினோரு மாணவர்களின் வருகை மட்டும் காய்ச்சல், காதுகுத்து முதலிய காரணங்களால் பள்ளியின் சராசரியைக் குறைப்பதாலும், அவர்களை மட்டும் ஆலம்பொத்தைப் பள்ளிக்கு மாற்றவும்.

நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்து நிரப்ப உட்கார்ந்தேன். ஓய்வு பெற எனக்கு மூன்றரை வருடம் இருந்தது. கடிதம் சொன்னால் கை எழுதும். விலகுவதற்கான காரணம் என்ற கட்டத்தில் ‘இடமின்மை’ என்று பதினோரு முறை எழுதினேன். பெற்றோர் கையெழுத்துக்காகச் சொல்லியனுப்பினேன்.

முதலில் வந்தது காளீஸ்வரி. பச்சைக் கோட்டுப் போட்டபடி, மூன்று சக்கரக் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டி காலியாக இருந்தது. இரண்டு மாதமாக அது காலியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது, ஊர் தன் குப்பையை எல்லாம் எனக்கல்லவா கொடுத்தது. சான்றிதழை வாங்கி, எழுத்துக் கூட்டி, கடைசிவரை படித்தாள்.

“இடமின்மைன்னா?”

“இங்க இடமில்லைன்னு...”

“எம்பிள்ளைக்கி.”

கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தைக் காட்டினேன்.

“சார், நான் ஊர்க் குப்பைய அள்ளி எம்பிள்ளையப் படிக்க வைக்கேன். நீங்க ஊர்க் குப்பையப் படிக்க வச்சுட்டு எம்பிள்ளைய அள்ளி வெளிய போடுறீகளா?”

மரத்தடியில் பிள்ளைகள் எழுந்து நின்றிருந்தார்கள். நான் உத்தரவைக் காட்டினேன். விதியைச் சொன்னேன். பதிவேட்டில் இருக்கிற பெயரை மாற்றுச் சான்றிதழ் கொடுக்காமல் எடுக்க முடியாது, சான்றிதழ் கொடுத்தால் எங்கே போகிறது என்று எழுத வேண்டும், காப்பாளர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். எனக்கே அது அழுகைபோல் கேட்டது.

“எங்க போகுதுன்னா எழுதணும்?” காளீஸ்வரி அறைக்குள் பார்த்தாள், சந்தையில் ஆட்டைப் பார்ப்பவர்போல் பார்த்தாள். “பதினாலு வருசமா அள்ளுறேன். எது எந்த வீடுன்னு கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். நீங்க எழுதுங்க சார், நான் ஏத்துறேன்.”

அவள் ஏற்றத் தொடங்கினாள். பிள்ளைகள் சொல்லாமலே வரிசையில் நின்று கைமாற்றினார்கள். நான் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வண்டியோடு நடந்தேன். மூன்று பக்கம் எழுதியபிறகுதான் கவனித்தேன், என் கை எந்தக் கடிதமும் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. அங்க அடையாளங்கள்: கைப்பிடி இல்லை, வலது ஓரத்தில் தீக்காயம். செல்லுமிடம்: வீடு.

தெருத்தெருவாகப் போனோம். வீட்டு வாசலில் நின்று நான் பெயரைக் கூப்பிட்டேன், வண்டிக்குள்ளிருந்து உள்ளேன் ஐயா என்றது, உள்ளே டிவிச் சத்தம் நின்றது. கதவைத் திறக்காத வீடுகளில் மறுபடி கூப்பிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்க்கும்வரை கூப்பிட்டேன். “சார், அது உங்க ஸ்கூல் பிள்ளை, இங்க எதுக்குக் கொண்டாறீங்க?” என்று ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தார். “காப்பாளர்னு உங்க கையெழுத்துத்தானக்கா?” என்று கனிஷ்கா விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டினாள். மிக்சி வீட்டு மருமகள் மாமியாரைக் கைகாட்டினாள், மாமியார் மருமகளைக் கைகாட்டினார், மிக்சி இருவருக்கும் நடுவில் இருக்கிறேன் என்றது. கிழக்குத் தெருவில் அந்த வாளியை இறக்கும்போது காளீஸ்வரி அதைத் துடைத்து, “யாருக்குப் பக்கத்துலயும் வைக்கல, தனியாத்தான் கொண்டாந்தோம்” என்றாள். வாங்கிக்கொண்டவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பவுன்ராஜ் வாசலுக்கே வந்துவிட்டார். “என்ன சார் இது, என் மூஞ்சியக் கொண்டாந்து எங்கிட்டயே தாறீங்க? நடுநிலைப்பள்ளி என்னாகுறது?”

“தலைவர்” என்று நான் பெயர் கூப்பிட்டேன்.

“உள்ளேன் ஐயா” என்றது ஃபிளெக்ஸ், மைக் வைத்ததுபோல். அதே நொடியில் பவுன்ராஜும் பழக்கத்தில் “சொல்லுங்க” என்றுவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சிரித்தது தெருமுனைவரை கேட்டது.

பல நடைக்குப் பிறகு, மாலை மூன்றரைக்கு வண்டி கடைசியாகக் காலியானது. அலுவலகம் அனுப்பிய பேட்ஜ்கள், உறைகள், உறைகளைப் போட்டுவந்த பை, தவிர்ப்போம் ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் யாரோ எனக்குத் தெரியாமலே சேர்க்கை போட்டிருந்தார்கள், கையெழுத்து பார்த்தால் என்னுடையதுதான். அவற்றை அதே பெட்டியில் கட்டி, சான்றிதழ்களை மேலே ஒட்டி, தெய்வேந்திரன் அலுவலகத்துக்குப் போகிற மினி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மறுநாள் தெய்வேந்திரனிடமிருந்து போன் வந்தது.

“சார், பார்சல் பேசுது சார்.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா?”

“மேல ஒட்டியிருந்தீங்க, படிச்சேன்.” பெட்டியை அவர் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. “சரி, அத விடுங்க. நாலு மணிக்குள்ள மாணவர் எண்ணிக்கை ஏத்தணும். எத்தன?”

எனக்கு முன்னால் பதிவேடு திறந்திருந்தது. சான்றிதழ்களை எழுதிவிட்டேன், ஆனால் பதிவேட்டில் பெயர்களைச் சிவப்பு மையில் இன்னும் அடிக்கவில்லை. அடிக்காதவரை அவை இருப்பவைதான். அடித்தால் பள்ளி போய்விடும், பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடக்க வேண்டும். அடிக்காவிட்டால் பள்ளி இருக்கும், பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடக்க வேண்டும். அடுப்புப் புகையில் உட்கார்ந்து அவர்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. இப்போது அறை காலியாகத்தானே இருக்கிறது, ஏன் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே வரலாம் என்று அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

“பதினொன்னு சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. சந்திராவச் சேர்க்காட்டாலும் முன்னூறுக்கு மேல வரணுமே.”

“பதினொன்னுதான் சார்.”

பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டேன். பதிமூன்று நாள் அந்த அறையில் பாடம் நடத்தினேன், என் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி நடத்தியதாக ஞாபகம் இல்லை. பதினான்காம் நாள் இணைப்பு உத்தரவு வந்தது. எனக்கும் ஆலம்பொத்தைக்கே பணி நிரவல், கேடயத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு குறிப்பு. கதவுக்கு நானே பூட்டுப் போட்டேன்.

செங்கமடை இதிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டதா என்று சிலர் கேட்கிறார்கள். கற்றுக்கொண்டது. வீட்டில் வேன் பிள்ளைகள் விடுமுறை நாளில் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடி மிக்சியையும் வாளியையும் பெயர் சொல்லிக் கூப்பிட, கட்டிலடியிலிருந்தும் பரணிலிருந்தும் உள்ளேன் ஐயா வந்து விருந்தாளிகளின் முன் மானம் போனபின், ஊர் ஒன்றுகூடி முடிவெடுத்தது: இனிமேல் எந்தப் பொருளுக்கும் யாரும் பெயர் வைக்கக் கூடாது. பெயரில்லாதவற்றை இப்போது பக்கத்து ஊர்க் கண்மாயில் கொட்டுகிறார்கள். அவை கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு நான்குவழிச் சாலையின் ஓரத்தில் பதினோரு பிள்ளைகளோடு நின்றேன். புது டிவி, புது மிக்சி, புது நாற்காலி என்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. நடுவில் ஆள் நுழைகிற இடைவெளி வரவில்லை. வரும் வரும் என்று கால் மணி நேரம் பார்த்தேன். கனிஷ்கா என் கையைப் பிடித்திருந்தாள்.

பின்னால் விசில் கேட்டது. காளீஸ்வரி வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து நேராகச் சாலைக்குள் இறங்கினாள், நட்டநடுவில் வண்டியைக் குறுக்கே திருப்பி நிறுத்தினாள். பிரேக்குகள் வரிசையாகக் கத்தின. முதல் லாரியின் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

“ஏக்கா! குப்பை வண்டியக் கொண்டாந்து நடுரோட்டுல போட்டிருக்க, கூறு இருக்கா? லோடு எறக்கணும், ஓரமாத் தள்ளு!”

“என்ன லோடு?”

“ஷாம்பு.”

“அது எங்கயும் போகாது, இருக்கும். பிள்ளைக போகுது, நில்லு.”

பிள்ளைகள் ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்பது, பத்து, பதினொன்று. அந்தப் பக்கம் ஏறி நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹாரன்கள் ஓய்ந்திருந்தன. காளீஸ்வரி வண்டியை எடுக்கவில்லை, கைப்பிடியில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள்.

“இன்னும் என்ன சார் யோசன? நீங்களும் போங்க.”